அமீபாவிடம் பாடம் படித்த பூஞ்சை

2024லிருந்து இங்கே திருவனந்தபுரத்தில் எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழுகிற ஒரு சொல் 'அமீபிக் மஸ்திஷ்க ஜ்வரம்'. மூளை தின்னும் அமீபா என்று நம் ஊர்ப் பத்திரிகைகள் போடுகிறதே, அதேதான். அந்த வருஷம் நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு வந்ததும் நகரமே குளத்தைப் பார்த்து ஒதுங்க ஆரம்பித்தது. மாநிலம் முழுக்க 2024இல் முப்பதுக்கு மேல், 2025இல் நூறைத் தாண்டியது. கேரள அரசு 2024 ஜூலையில் இதற்கென்றே சிகிச்சை நெறிமுறை வெளியிட்டது. இந்தியாவில் இந்த நோய்க்கு அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. 2025 ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக் கிணறுகளில் குளோரின் போடச் சொல்லி ஓர் இயக்கமே நடந்தது. நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பை நிறுத்திவிட்டன. (மூக்குக்குள் தண்ணீர் ஏறினால்தான் ஆபத்து, குடித்தால் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதாக இல்லை. அது வேறு கதை.)

நான் எழுத வந்தது அந்த அமீபாவைப் பற்றி அல்ல. அதன் பங்காளி ஒருவன் மண்ணுக்குள் இருக்கிறான். அவனால் நமக்கு நேரடியாக வரும் தொல்லை கொஞ்சம்தான். ஆனால் அவன் யாருக்கெல்லாம் வாத்தியாராக இருந்திருக்கிறான் என்று பார்த்தால் தூக்கிவாரிப் போடுகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். உயிரியலை பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவன். ஆனால் ரிஸ்க் என்கிற சொல்லோடு இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதைப் படித்தேன், அதனால்தான் எழுதவும் தோன்றியது.

மனிதனுக்கு வியாதி கொடுக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை மண்ணிலும் மக்கின மரத்திலும் இலைக்குப்பையிலும் வாழ்கிறவை. அவற்றுக்கு நாம் தேவையே இல்லை. நம் உடம்புக்குள் வந்து செத்தால், பல சமயம் அங்கிருந்து இன்னொரு ஆளுக்குப் பரவக்கூட முடியாது, முட்டுச்சந்து. அப்படியிருக்க, நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்களை ஏமாற்றும் வித்தையை இவை எங்கே கற்றுக்கொண்டன? படிக்காத பாடத்தில் எப்படி நூற்றுக்கு நூறு?

கிரிப்டோகாக்கஸ் என்று ஒரு பூஞ்சை. புறா எச்சத்தில் இருக்கும், மரப்பொந்தில் இருக்கும். டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் நம் நாவல் மரப் பொந்திலிருந்தே இதன் வகைகளை எடுத்திருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, முக்கியமாக எய்ட்ஸ் நோயாளிகளுக்கு, மூளைக்காய்ச்சல் கொடுத்துக் கொல்லும். நம் உடம்பில் மேக்ரோஃபேஜ் என்று ஒரு வகை வெள்ளையணு உண்டு. கிருமியைக் கண்டால் விழுங்கி உள்ளே வைத்துச் செரித்துவிடும். இந்தப் பூஞ்சையோ விழுங்கப்பட்ட பிறகு உள்ளேயே குடும்பம் நடத்தி, பெருகி, விழுங்கியவனை முடித்துவிட்டு வெளியே வருகிறது.

2001இல் நியூயார்க்கில் ஆர்ட்டூரோ கசாடெவால் (கியூபாவில் பிறந்து சின்ன வயதில் அமெரிக்கா போனவர், அவரும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்த கேஸ்தான்) குழு இந்தப் பூஞ்சையை அகாந்தமீபா என்ற மண் அமீபாவோடு சேர்த்து வைத்துப் பார்த்தது. மேக்ரோஃபேஜுக்குள் என்னென்ன நடக்கிறதோ அத்தனையும் அமீபாவுக்குள்ளும் நடந்தது. அதே விழுங்கல், அதே பெருக்கம், அதே கொலை. பூஞ்சையின் கவசமான வழவழப்பு உறை, மெலனின் என்ற கறுப்புச் சாயம், சவ்வை அரிக்கும் நொதி - நம்மைத் தாக்கும் ஆயுதங்கள் என்று பாடப்புத்தகத்தில் இருந்த எல்லாமே அமீபாவிடமிருந்து தப்பிக்கவும் பயன்பட்டன. 2003இல் இன்னொரு மண் உயிரியான டிக்டியோஸ்டீலியத்துக்குள் வளர்த்து எடுத்தபோது, அந்தப் பூஞ்சை எலிகளிடம் முன்பைவிட வீரியமாக இருந்தது.

அதாவது கோடிக்கணக்கான வருஷமாக மண்ணுக்குள் அமீபா பூஞ்சையைத் தின்னப் பார்க்கிறது. தப்பித்தது பிழைத்தது, பிழைத்தது பெருகியது. நம் வெள்ளையணு வேலை செய்யும் விதமும் அமீபா வேலை செய்யும் விதமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே அமீபாவிடம் தப்பத் தெரிந்தவனுக்கு நம்மிடம் தப்புவது பெரிய காரியமில்லை. எங்கள் பாஷையில் சொல்வதானால், ஊர்க் கந்துவட்டிக்காரனிடம் இருபது வருஷம் தண்ணி காட்டியவனை வங்கியின் ரெக்கவரி ஆபீசர் என்ன செய்துவிட முடியும்? அவன் வங்கியை ஏமாற்றவென்று எங்கும் பயிற்சி எடுக்கவில்லை. பழக்கம் அப்படி.

இங்கே இலங்கைத் தமிழ் நண்பர்களுக்கு ஒரு தகவல். அகாந்தமீபா கஸ்டெல்லானி என்ற பெயர், ஆல்டோ கஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவரின் பெயர். 1903இல் கொழும்புக்கு அரசாங்க பாக்டீரியா நிபுணராக வந்து பத்து வருஷத்துக்கு மேல் அங்கே இருந்து, வெப்பநாட்டுப் பூஞ்சை நோய்களைப் பற்றி நிறைய எழுதியவர். பிற்பாடு 1930இல் அவர் வளர்த்துக்கொண்டிருந்த ஓர் ஈஸ்ட் தட்டில் அமீபா ஒன்று புகுந்து ஈஸ்டைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குத்தான் அவர் பெயர் வைத்தார்கள். பூஞ்சையை அமீபா தின்னும் என்கிற விஷயம் அன்றே கண்ணுக்கு முன்னால் இருந்தது. அது நோயோடு சம்பந்தப்பட்டது என்று உறைக்க எழுபது வருஷம் ஆகியிருக்கிறது.

கிரிப்டோகாக்கஸோடு கதை நிற்கவில்லை. ஜெர்மனியில் ஜேனா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2015இல் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சைக்கும் இதையே காட்டினார்கள்; அதன் வித்துக்குச் சாயம் கொடுக்கும் மெலனினும், அது சுரக்கும் ஒரு நஞ்சும் அமீபாவிடமிருந்து காப்பாற்றுகின்றன. 2021இல் நம்மையெல்லாம் கதிகலங்க வைத்த 'கறுப்புப் பூஞ்சை' ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ரைசோபஸ் மைக்ரோஸ்போரஸ் என்ற இனத்தில், பூஞ்சைக்கு உள்ளேயே ஒரு பாக்டீரியா குடியிருந்துகொண்டு அமீபாவும் வெள்ளையணுவும் விழுங்காமல் அதற்குத் துணை நிற்கிறது என்று 2022இல் ஓர் ஆய்வு வந்தது. அடியாள் வைத்துக்கொள்கிற பூஞ்சை! :-)

நிற்க. அமீபாதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. 1970களிலேயே ஓக்லஹோமாவில் செய்த பரிசோதனைகளில், அமீபாவிடம் தப்பிய கிரிப்டோகாக்கஸ் சில நீண்ட இழைகளாக உருமாறித் தப்பித்தன. அப்படி மாறியவை விலங்குகளிடம் பலவீனமாகிப் போயின. கசாடெவாலின் குழுவே 2021இல் மறுபடி செய்து பார்த்ததில், தப்பிப் பிழைத்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறியிருந்தது; எல்லாமே நமக்கு ஆபத்தான திசையில் போகவில்லை. அதோடு நம் உடம்புச் சூடு 37 டிகிரி. மண்ணில் சுகமாக வாழும் பெரும்பாலான பூஞ்சைகளுக்கு அந்தச் சூடு ஆகாது. அமீபா பாடம் மட்டும் போதாது, வெயிலும் தாங்க வேண்டும். ரெண்டு பரீட்சையும் பாஸ் செய்தது ரொம்பக் கொஞ்சம், நம் அதிர்ஷ்டம்.

இனி என் ஊருக்கு வருகிறேன். நான் மதுரை மாவட்டத்துக்காரன். எங்கள் ஊருக்கு மீனாட்சி அம்மன், மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா என்று பெருமைகள் பல. மருத்துவப் புத்தகத்திலும் ஒரு பெருமை(!) உண்டு. 1842இல் ஜான் கில் என்ற வெள்ளைக்கார மருத்துவர் மதுரையில் ஒரு வினோதமான கால் நோயைப் பார்த்து எழுதினார். கால் வீங்கி, ஓட்டை ஓட்டையாகி, அதிலிருந்து கறுப்பாகவோ வெளிறியோ குருணைகள் கொட்டும். சில வருஷத்தில் அதற்கு 'மதுரைக் கால்' என்றே பெயர் வந்துவிட்டது. 1860இல் பம்பாயில் வேண்டைக் கார்ட்டர், இது பூஞ்சை வேலை என்று சொல்லி மைசிட்டோமா என்று பெயர் வைத்தார். (பூஞ்சையாலும் வரும், இழை விடும் ஒருவகை பாக்டீரியாவாலும் வரும் என்பது பின்னால் தெரிந்தது.) கறுப்புக் குருணைக்குக் காரணமான பூஞ்சையின் அறிவியல் பெயர் இன்றைக்கும் மதுரெல்லா. அந்தக் கறுப்பு, அதே மெலனின். செருப்பில்லாமல் வயலில் நடந்து, முள் குத்தி, மண் உள்ளே போய் வருகிற வியாதி. உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தது 2016இல்தான். கில் எழுதி 174 வருஷம் கழித்து. ஏழையின் காலில் வரும் வியாதிக்கு எவ்வளவு அவசரம் பாருங்கள்.

காலைவிட எனக்குக் கவலை கண்ணைப் பற்றித்தான். மதுரை மாவட்டத்தில் 1993இல் எடுத்த கணக்கில், லட்சம் பேரில் 113 பேருக்கு ஒரு வருஷத்தில் கருவிழிப் புண் வந்திருக்கிறது. அமெரிக்காவின் கணக்கைப் போலப் பத்து மடங்கு. 1994இல் மூன்று மாதத்தில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். கிருமி கண்டுபிடிக்க முடிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. அதிலும் முதல் இடம் ஃபியூசேரியம், அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ். ரெண்டுமே மண்ணிலும் பயிரிலும் இருப்பவை. நூற்றில் ஒருவருக்கு அகாந்தமீபா! மாணவனும் வாத்தியாரும் ஒரே வார்டில். பிரேசிலில் 2016இல் இந்த ரெண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, அமீபா விழுங்கிய ஃபியூசேரியம் வித்து அதற்குள்ளேயே முளை விட்டு வளர்ந்ததாம்.

அறுப்புக் காலத்தில் நெல் தாள் கண்ணில் குத்துகிறது. மாடு வாலைச் சுழற்றி அடிக்கிறது. தென்னை மட்டை, சோளத்தோகை, களம் தூற்றும்போது உமி. சின்னக் கீறல், ஒரு நாள் உறுத்தும். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. காவலுக்கு வெள்ளையணுக்கள் வந்து சேரவே நேரமாகும். வந்தாலும், எதிரே நிற்பது அமீபாவிடமே தப்பிப் பழகியவன்.

இந்த இடத்தில்தான் நம் ஊர் மருந்துக்கடை வருகிறது. என் சித்தப்பா ஒருவருக்குக் களத்தில் உமி பட்டுக் கண் சிவந்தது. முதல் நாள் பக்கத்து வீட்டில் கேட்டுத் தாய்ப்பால் விட்டார்கள். ரெண்டாம் நாள் விளக்கெண்ணெய். மூன்றாம் நாள் பக்கத்து டவுனில் ஒரு மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். போட்டதும் சிவப்பு குறைந்தது, வலி குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அதில் ஸ்டீராய்டு. சிவப்பு என்பது காவலர்கள் ஓடி வருகிற அடையாளம். ஸ்டீராய்டு அந்தக் காவலர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். பத்து நாள் கழித்து மதுரைக்குக் கூட்டிப்போனபோது கருவிழியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. ஒரு கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும்.

பூஞ்சையின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, சொல்லப்போனால். அது சித்தப்பாவைத் தேடி வரவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அமீபாவிடம் தப்புவது. கோபம் வருவது சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு விற்பதன் மேல். இந்த மருந்துகள் சட்டப்படி 'அட்டவணை எச்' பட்டியலில் வருபவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. வங்கியில் ஒரு கிளார்க் கையெழுத்து சரிபார்க்காமல் செக் பாஸ் செய்தால் சஸ்பெண்ட். இங்கே ஒரு கண்ணே போகிறது, யாரும் கேட்பதில்லை.

2021லும் இதையேதான் பார்த்தோம். அப்போது வாட்ஸப்பில் வந்தவை என்னென்ன? வெங்காயத்தில் இருக்கும் கறுப்புத் தூள், ஃப்ரிட்ஜ் ரப்பர், துவைக்காத முகக்கவசம். செத்துப்போனவர் வீட்டையே 'சுத்தமில்லாத வீடு' என்று பேசினார்கள். அந்த ஜூன் கடைசியில் மத்திய அரசு சொன்ன கணக்கு 40,000க்கும் மேல். ரைசோபஸ் வித்து அந்த வருஷம் புதிதாக நம் நாட்டுக் காற்றில் வந்து சேரவில்லை, என்றைக்கும் இருப்பதுதான். புதிதாக வந்தவை கோவிட்டும், கட்டுக்கு மீறின சர்க்கரையும், அளவில்லாமல் கொடுத்த ஸ்டீராய்டும். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

இதை நான் ரிஸ்க் மேனேஜ்மென்ட் கண்ணால் பார்க்கிறேன். ஒழிக்கக்கூடிய ஆபத்து ஒரு வகை, கூடவே வாழ வேண்டிய ஆபத்து இன்னொரு வகை. பெரியம்மைக்கு மனிதனை விட்டால் வேறு வீடு கிடையாது, அதனால் ஒழித்தோம். மண் பூஞ்சைக்கு நம்மைத் தவிர உலகமே வீடு. நாளைக்கே மனிதகுலம் காணாமல் போனாலும் அது அமீபாவோடு சண்டை போட்டுக்கொண்டு அப்படியே இருக்கும். ஆகவே 'பூஞ்சையை ஒழிப்போம்' என்று முழங்குவதில் பைசா பிரயோஜனமில்லை. பணத்தைப் போட வேண்டியது கதவுகளில். கண்ணின் கீறல், காலின் முள், ரத்தத்தின் சர்க்கரை, மருந்துக்கடையின் ஸ்டீராய்டு.

இது முடியாத காரியமும் இல்லை. தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரவிந்த் ஆட்கள் ஒரு முயற்சி செய்து 2006இல் எழுதினார்கள். கண்ணில் அடிபட்டால் உடனே கிராமத்துத் தன்னார்வலரிடம் வரச் சொல்லி, கீறல் இருந்தால் மூன்று நாளைக்குக் களிம்பு. 374 கீறல்களில் நாலு பேருக்குத்தான் லேசான புண் வந்தது, அதுவும் ஆறிவிட்டது. நேபாளத்தில் பிற்பாடு பெரிய அளவில் செய்த சோதனை, 2022இல் வந்த முடிவின்படி, மொத்த ஊரின் கணக்கைக் குறைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எனக்குப் புரிந்தவரை, சீக்கிரம் வந்தவருக்குக் களிம்பு உதவுகிறது. எல்லோரையும் சீக்கிரம் வரவைப்பதுதான் கஷ்டம். அது மருந்து விஷயமே இல்லை, பழக்க விஷயம்.

கேரளாவைப் பாருங்கள். இவர்கள் எதற்கெடுத்தாலும் ஹர்த்தால் என்று நானும் கிண்டல் செய்கிறவன்தான். ஆனால் அமீபா விஷயத்தில் நெறிமுறை எழுதினார்கள், காய்ச்சலோடு தலைவலி வந்தாலே 'குளத்தில் குளித்தாயா?' என்று டாக்டர்கள் கேட்கப் பழகினார்கள், சீக்கிரமே பரிசோதனை செய்தார்கள். உலகில் நூற்றுக்கு 97 பேரைக் கொல்லும் என்று சொல்லப்படும் நோயில் இங்கே நிறையப் பேர் பிழைத்திருக்கிறார்கள். (கேரளக் கணக்கில் வேறு வகை அமீபாக்களும் சேருவதால் நேரடியாக ஒப்பிடக் கூடாது, இருந்தாலும்.) ஒரு வருஷத்தில் சில டஜன் பேருக்கு வருவதற்கு ஒரு மாநிலமே இவ்வளவு செய்ய முடிந்தால், லட்சத்தில் நூறு பேருக்கு வருவதற்கு நம் தமிழ்நாட்டில் 'கண்ணில் தூசியா, சொட்டு போடாதே, உடனே காட்டு' என்று ஒரு சுவரொட்டியாவது வேண்டாமா? கண்ணிழப்பதற்குத் தலைப்புச் செய்தி கிடையாது, அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

மருந்தைப் பற்றி ஒன்று. ஃபியூசேரியம் கண் புண்ணுக்கு முதல் மருந்து நாட்டமைசின் சொட்டு. விலை கூடிய புது மருந்தான வோரிகோனசோலோடு ஒப்பிட்டுப் பார்க்க அரவிந்த் மருத்துவமனைகளில் பெரிய சோதனை நடந்து, 2013இல் வந்த முடிவில் பழைய நாட்டமைசினே ஜெயித்தது. இந்த மருந்தும் மண்ணிலிருந்து வந்ததுதான். 1950களில் தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து மண்ணில் எடுத்த ஒரு பாக்டீரியா பூஞ்சையை விரட்ட வைத்திருந்த ஆயுதம். பெயரிலேயே நேட்டால் இருக்கிறது. நம் ஆட்கள் கப்பலேறிக் கரும்பு வெட்டப் போன அதே நேட்டால். 2021இல் ஊர் ஊராகத் தேடி அலைந்த ஆம்போடெரிசினும் இதே போல வெனிசுலா மண் சரக்கு. மண்ணுக்குள் நடக்கும் அடிதடியில் நமக்கு வந்து சேர்வது நஷ்டம் மட்டுமில்லை. அதனால்தான் வீட்டைச் சுற்றி உள்ள மண்ணையெல்லாம் மருந்தடித்துச் 'சுத்தம்' செய்யப் புறப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊரில் அறுப்புக்கு நிற்கிற அப்பா அம்மா உள்ளவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை போனில் சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கேட்கிறீர்கள் இல்லையா, அதோடு இதையும் சொல்லிவிடுங்கள். களம் தூற்றும்போது சாதாரணக் கண்ணாடியாவது மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணில் எது பட்டாலும் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, பாலும் எண்ணெயும் விடாமல், மறுநாளுக்குள் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வீட்டு அலமாரியில் பழைய சொட்டு மருந்துப் புட்டி இருந்தால், அதன் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் இப்போது போடச் சொன்னதாக இல்லாவிட்டால், அன்றைக்கே குப்பையில் போடச் சொல்லுங்கள்.